13 நாளில் வாபஸ் ஆன மருத்துவக் கட்டுரை!

டாக்டர்களின் ஆராய்ச்சிக் கட்டுரை எப்படி அச்சேறுகிறது? அதில் தவறு நேர்ந்தால் யாருக்குப் பாதிப்பு?

2020-ம் ஆண்டு மே மாதம். உலகம் முழுவதும் கொரோனா பரவிக் கொண்டிருந்தது. தடுப்பூசி இன்னும் வரவில்லை. எந்த மருந்து நோயைத் தீர்க்கும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

அந்த நேரத்தில், மே 22-ந்தேதி, "லான்செட்" என்ற மருத்துவப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளிவந்தது. லான்செட் 1823-ம் ஆண்டு லண்டனில் தொடங்கப்பட்ட பத்திரிகை. டாக்டர்களிடையே பெரும் மதிப்பு உள்ளது.

கட்டுரை வந்த 3-ம் நாள், உலக சுகாதார ஸ்தாபனம் தன்னுடைய மருந்துப் பரிசோதனை ஒன்றை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. 13 நாள் கழித்து, அந்தக் கட்டுரையே வாபஸ் ஆயிற்று!

ஒரு கட்டுரை உலகத்தையே இப்படி ஆட்டிப் படைத்தது எப்படி?

கட்டுரையில் என்ன இருந்தது?

"ஹைட்ராக்சி குளோரோகுயின்" என்பது மலேரியாவுக்கும், மூட்டு வாத நோய்க்கும் கொடுக்கப்படும் மாத்திரை. விலை குறைவு. இந்தியாவில் ஏராளமாகத் தயாராகிறது. கொரோனாவுக்கும் அது நல்லது என்று பேச்சு கிளம்பியது. பல நாடுகள் இந்தியாவிடம் கேட்டு வாங்கின.

அந்த மாத்திரை உயிருக்கு ஆபத்து என்றது லான்செட் கட்டுரை. 6 கண்டங்களில் உள்ள 671 ஆஸ்பத்திரிகள், 96,032 நோயாளிகள். இத்தனை பேரின் விவரங்களையும் அலசிப் பார்த்ததாக அதில் கூறப்பட்டிருந்தது. மாத்திரை சாப்பிடாதவர்களில் 100-க்கு 9 பேர் இறந்தார்கள், சாப்பிட்டவர்களில் 100-க்கு 18 பேர் இறந்தார்கள் என்று கணக்கும் கொடுக்கப்பட்டிருந்தது.

இதைக் கேட்டால் யாருக்குத்தான் பயம் வராது?

கட்டுரையில் 4 பேர் பெயர் இருந்தது. புள்ளி விவரங்களைக் கொடுத்தது, அமெரிக்காவில் சிகாகோ பகுதியைச் சேர்ந்த "சர்ஜிஸ்பியர்" என்ற கம்பெனி. கம்பெனியின் தலைவரும் அந்த 4 பேரில் ஒருவர்.

கணக்கு உதைத்தது!

கட்டுரையைப் படித்த மற்ற நிபுணர்களுக்குச் சந்தேகம் வந்தது. ஆஸ்திரேலியாவில் ஏப்ரல் 21-ந்தேதி வரை 73 பேர் இறந்ததாகக் கட்டுரை கூறியது. ஆனால் அந்தத் தேதி வரை அந்த நாடு முழுவதும் கொரோனாவால் இறந்தவர்கள் 67 பேர்தான்! நாடு முழுவதும் இறந்தவர்களைவிட, ஒரு சில ஆஸ்பத்திரிகளில் இறந்தவர்கள் அதிகமாக இருக்க முடியுமா?

"ஆசியாவில் உள்ள ஓர் ஆஸ்பத்திரி தவறுதலாக ஆஸ்திரேலியாவில் சேர்ந்து விட்டது" என்று பதில் வந்தது. சந்தேகம் தீரவில்லை.

மே 28-ந்தேதி, நூற்றுக்கு மேற்பட்ட விஞ்ஞானிகள் கூடி ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார்கள். "எந்தெந்த ஆஸ்பத்திரிகள்? பெயர் ஏன் இல்லை? புள்ளி விவரத்தைக் காட்ட முடியுமா?" என்று கேட்டார்கள்.

வெளியார் பார்வைக்கு முழு விவரத்தையும் தர முடியாது என்று கம்பெனி மறுத்து விட்டது. கம்பெனித் தலைவர் தவிர மற்ற 3 பேரும், "புள்ளி விவரம் உண்மை என்று எங்களால் உறுதி கூற முடியவில்லை" என்று சொல்லி, ஜூன் 4-ந்தேதி கட்டுரையை வாபஸ் பெற்றார்கள். இதே கம்பெனியின் விவரத்தை நம்பி அமெரிக்காவின் "நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆப் மெடிசின்" பத்திரிகையில் வந்த இன்னொரு கட்டுரையும் அதே நாளில் வாபஸ் ஆயிற்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், மறுநாள் ஜூன் 5-ந்தேதி, பிரிட்டனில் நடந்த பெரிய பரிசோதனை ஒன்றின் முடிவு வந்தது. கொரோனாவால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்கு அந்த மாத்திரையால் பலன் இல்லை என்று அது காட்டியது. உலக சுகாதார ஸ்தாபனமும் தன் பரிசோதனையை மீண்டும் தொடங்கி, பலன் இல்லை என்று தெரிந்து ஜூன் 17-ந்தேதி நிறுத்தியது.

மாத்திரை உதவவில்லை என்பது உண்மை. ஆனால் அது யாரும் சோதித்துப் பார்க்கக் கூடிய கணக்கிலிருந்து தெரிந்த உண்மை. லான்செட் கட்டுரைக்கு அந்தக் கணக்கு இல்லை. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

எழுதும் முன்பே வேலை

மருத்துவக் கட்டுரை என்பது கதை எழுதுவது போல் உட்கார்ந்த இடத்தில் எழுதுவது அல்ல. பேனாவை எடுக்கும் முன்பே பல காரியங்கள் நடக்க வேண்டும்.

ஒரு டாக்டர் 200 நோயாளிகளுக்குப் புது மருந்து கொடுத்துப் பார்க்க விரும்புகிறார் என்று வைத்துக் கொள்ளலாம். முதலில் அவர் நெறிமுறைக் கமிட்டியிடம் அனுமதி வாங்க வேண்டும். நோயாளிக்கு அவருடைய தாய்மொழியில் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி, சம்மதம் வாங்க வேண்டும். "வேண்டாம்" என்று சொல்ல நோயாளிக்கு உரிமை உண்டு.

பிறகு, பரிசோதனையைப் பதிவு செய்ய வேண்டும். இந்தியாவில் இதற்கென்று 2007-ம் ஆண்டு ஒரு பதிவேடு தொடங்கப்பட்டது. 2009-ம் ஆண்டு ஜூன் முதல் மருந்துப் பரிசோதனைகளுக்குப் பதிவு கட்டாயம் ஆயிற்று. எதைக் கண்டுபிடிக்கப் போகிறோம், எப்படி அளக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்து விட வேண்டும். விடை தெரிந்த பிறகு கேள்வியை மாற்றக் கூடாது அல்லவா? அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. பதிவு செய்யாத பரிசோதனையைப் பெரிய பத்திரிகைகள் ஏற்பதில்லை.

கட்டுரையின் 4 பாகங்கள்

பரிசோதனை முடிந்ததும் கட்டுரை எழுதப்படுகிறது. அதற்கு 4 பாகங்கள் உண்டு.

1. இந்த ஆராய்ச்சி ஏன் தேவைப்பட்டது?

2. எப்படிச் செய்யப்பட்டது? எத்தனை பேர்? எவ்வளவு மருந்து? எத்தனை நாள்?

3. என்ன தெரிந்தது?

4. அதற்கு என்ன அர்த்தம்? குறை என்ன?

இவற்றில் மிகவும் முக்கியமானது 2-வது பாகம். அதைப் படித்து, வேறு ஊரில் உள்ள இன்னொரு டாக்டர் அதே பரிசோதனையை அப்படியே செய்து பார்க்க முடிய வேண்டும்.

பாதியில் நின்று விட்ட நோயாளிகள் எத்தனை பேர், மருந்தால் தொல்லை ஏற்பட்டது எத்தனை பேருக்கு என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். நோயாளியின் பெயர், முகம், முகவரி எதுவும் வெளியே தெரியக் கூடாது.

கட்டுரையின் தொடக்கத்தில் ஒரு சுருக்கம் இருக்கும். வேலை நெருக்கடியில் பல டாக்டர்கள் அந்தச் சுருக்கத்தை மட்டுமே படிப்பார்கள். ஆகவே அதில் மிகைப்படுத்தினால், விளைவு நோயாளியின் தலையில்தான் விடியும்.

யார் பெயரைப் போடலாம்?

பெரிய டாக்டர் என்பதற்காக ஒருவர் பெயரைச் சேர்க்கக் கூடாது. பணம் கொடுத்தார் என்பதற்காகவும் சேர்க்கக் கூடாது. ஆராய்ச்சியில் உழைத்திருக்க வேண்டும். எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு இருக்க வேண்டும். கடைசிப் பிரதியைப் படித்துச் சம்மதித்திருக்க வேண்டும். நாளை கேள்வி வந்தால் பதில் சொல்லப் பொறுப்பு ஏற்க வேண்டும். இந்த நான்கும் இருந்தால்தான் பெயர் வரலாம் என்பது மருத்துவப் பத்திரிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த விதி.

கேட்டதை எழுதிக் கொடுக்கும் செயற்கை அறிவு எந்திரங்கள் இப்போது வந்து விட்டன. அவற்றின் பெயரைக் கட்டுரையாளராகப் போடக் கூடாது என்று 2023-ம் ஆண்டு இந்தக் குழு கூறி விட்டது. எந்திரத்தால் பொறுப்பு ஏற்க முடியாது என்பதே காரணம். அதன் உதவியைப் பெற்றிருந்தால், அதைச் சொல்லி விட வேண்டும்.

பணம் கொடுத்தது யார், மருந்துக் கம்பெனியோடு தொடர்பு உண்டா என்பதையும் கட்டுரையாளர்கள் எழுதித் தர வேண்டும்.

அனுப்பிய பிறகு

ஒரு நேரத்தில் ஒரு பத்திரிகைக்குத்தான் கட்டுரையை அனுப்பலாம். இரண்டு இடத்துக்கு அனுப்புவது குற்றமாகக் கருதப்படுகிறது.

முதலில் ஆசிரியர் படிப்பார். பொருத்தம் இல்லை என்றால் உடனே திருப்பி விடுவார். பொருத்தம் என்றால், அதே துறையில் உள்ள இரண்டு மூன்று நிபுணர்களுக்கு அனுப்பி வைப்பார். அவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காமல் செய்கிறார்கள். "இந்தக் கணக்கு எப்படி வந்தது? இதை ஏன் சொல்லவில்லை?" என்று துருவித் துருவிக் கேட்பார்கள். கட்டுரையாளர் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதி, கட்டுரையைத் திருத்தி, மீண்டும் அனுப்ப வேண்டும். இதற்குப் பல மாதங்கள் ஆவதும் உண்டு. கட்டுரை திரும்பி வருவது அவமானம் அல்ல. பெயர் பெற்ற ஆராய்ச்சியாளர்களுக்கும் அது நடக்கிறது.

எங்கே ஓட்டை?

இத்தனை காவல் இருந்தும் 2020-ல் கோட்டை விட்டது எப்படி?

நிபுணர்கள் பார்ப்பது கட்டுரையை மட்டும்தான். நோயாளிகளின் பதிவேட்டை அவர்கள் பார்ப்பதில்லை. கடைக்குப் போய்ச் சரக்கை எண்ணாமல், கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்ப்பது போன்றது இது. புத்தகத்தில் கூட்டல் கழித்தல் சரியாக இருந்தால், சரக்கும் இருக்கிறது என்று நம்பி விடுகிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அந்த 13 நாட்கள் காட்டி விட்டன.

இதைவிட மோசமான இன்னொரு வகையும் உண்டு. பணம் வாங்கிக் கொண்டு எதையும் அச்சடிக்கும் போலிப் பத்திரிகைகள்! அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் பொஹானன் வேண்டுமென்றே தவறுகள் நிறைந்த ஒரு பொய்க் கட்டுரையைத் தயாரித்து, 304 பத்திரிகைகளுக்கு அனுப்பினார். 157 பத்திரிகைகள் அதை ஏற்றுக் கொண்டன! 2013-ம் ஆண்டு "சயன்ஸ்" இதழில் இந்தக் குட்டு வெளியாயிற்று. கட்டுரை வந்தால்தான் பதவி உயர்வு என்ற நிலை உள்ள இடங்களில், இத்தகைய பத்திரிகைகளுக்கு நல்ல வியாபாரம்.

12 குழந்தைகள், 12 ஆண்டுகள்

தவறான கட்டுரையின் விலையை யார் கொடுக்கிறார்கள்? குழந்தைகள் கொடுத்த கதையும் உண்டு.

1998-ம் ஆண்டு பிரிட்டிஷ் டாக்டர் ஆண்ட்ரூ வேக்பீல்டும் மற்றும் சிலரும் இதே லான்செட்டில் ஒரு கட்டுரை எழுதினார்கள். தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசம் என்னும் வளர்ச்சிக் குறைபாட்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற பயத்தை அது கிளப்பியது. ஆராயப்பட்டவர்கள் வெறும் 12 குழந்தைகள்!

பயந்து போன பெற்றோர் பலர், தடுப்பூசி போடாமல் விட்டார்கள். 2010-ம் ஆண்டுதான் கட்டுரை வாபஸ் ஆயிற்று. வேக்பீல்டின் டாக்டர் உரிமையும் அதே ஆண்டு பறிபோனது. ஆனால் பயம் வாபஸ் ஆகவில்லை. 2012, 2013-ம் ஆண்டுகளில் வேல்ஸ் நாட்டில் தட்டம்மை பரவியது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள்.

கொரோனா கட்டுரை 13 நாளில் பிடிபட்டது. இது முழுதாக வாபஸ் ஆக 12 ஆண்டுகள்!

சென்னை காட்டிய வழி

நேர்மையான கட்டுரை என்ன செய்யும் என்பதற்குச் சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது.

1956-ம் ஆண்டு சென்னையில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அப்போது காசநோய் வந்தால் சானடோரியத்தில் சேர வேண்டும் என்பதே நம்பிக்கை. ஏழைகளுக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது. "வீட்டிலேயே மருந்து கொடுத்தால் குணமாகாதா?" என்று ஆராய்ந்தார்கள்.

193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சானடோரியம். இன்னொரு பிரிவுக்கு வீடு. ஓராண்டு ஒரே மருந்து. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களுக்கு அது இல்லை. ஆனாலும் குணமாவதில் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை!

1959-ம் ஆண்டு உலக சுகாதார ஸ்தாபனத்தின் இதழில் அந்தக் கட்டுரை வெளிவந்தது. அத்தோடு விட்டு விடவில்லை. வீட்டில் இருந்த மற்றவர்களுக்கு நோய் அதிகமாகத் தொற்றியதா என்று பார்த்து, அதையும் எழுதினார்கள். தொற்று அதிகமாகவில்லை. அதே நோயாளிகளை 5 ஆண்டு தொடர்ந்து கவனித்து, 1966-ல் மறுபடியும் எழுதினார்கள்.

193 பேர்தான். 96,032 பேர் அல்ல. ஆனால் அந்த 193 பேரும் உண்மையான நோயாளிகள். ஒவ்வொருவருக்கும் பதிவு இருந்தது. அந்தக் கட்டுரைகள் உலகத்தின் வைத்திய முறையையே மாற்றின. காச நோயாளி வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிடலாம் என்ற நிலை வந்தது.

இப்போது என்ன மாற்றம்?

2020-ம் ஆண்டு செப்டம்பரில் லான்செட் தன் விதிகளை மாற்றியது. ஒருவருக்கு மேற்பட்ட கட்டுரையாளர்கள் புள்ளி விவரத்தை நேரில் பார்த்துச் சரிபார்த்ததாகக் கையெழுத்திட வேண்டும் என்றது. நல்ல மாற்றம். ஆனால் இதுவும் கையெழுத்துதான். கேட்பவர்களுக்குப் பதிவேட்டைத் திறந்து காட்டும் வழக்கம் எல்லா இடங்களிலும் வர வேண்டும். நோயாளியின் பெயரை மறைத்து விட்டே அதைச் செய்ய முடியும்.

குடும்பங்கள் செய்யக் கூடியதும் உண்டு. "ஆராய்ச்சியில் கண்டுபிடித்து விட்டார்கள்" என்று செல்போனில் செய்தி வந்தால், உடனே நம்பி விடக் கூடாது. எந்தப் பத்திரிகையில் வந்தது? எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? பணம் கொடுத்தது யார்? வேறு டாக்டர்களும் அதையே கண்டார்களா? இந்த 4 கேள்விகளைக் கேட்க வேண்டும். விடை தெரியாவிட்டால், சாப்பிடுகிற மாத்திரையை நிறுத்துவதோ, புது மாத்திரை வாங்குவதோ கூடாது. டாக்டரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

டாக்டர் எழுதும் மருந்துச் சீட்டுக்குப் பின்னால் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை இருக்கிறது. அந்தக் கட்டுரைக்குப் பின்னால் உண்மையான நோயாளிகள் இருக்க வேண்டும்.