நோட்டின் மதிப்பு நாணயத்தில்

பழைய பணத்தாள்களைச் சேகரிப்பது வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று வணிகர்களாகிய நம்மில் பலர் நினைக்கிறோம். அது சரியல்ல. நாள்தோறும் கல்லாவில் நோட்டு எண்ணும் நமக்கு அதன் வரலாறு நல்லதொரு தொழில் பாடம். பிரான்சுக் கரைக்கு அருகிலுள்ள, பிரிட்டிஷ் முடியாட்சியைச் சார்ந்த கெர்ன்சி என்னும் சிறு தீவின் கதையே இதற்குச் சான்று.

1815இல் நெப்போலியன் போர் முடிந்தபோது அத்தீவு அரசின் ஆண்டு வருமானம் சுமார் 3,000 பவுண்டு. அதில் 2,390 பவுண்டு கடனுக்கும் வட்டிக்குமே போயிற்று. சாலைகளும் கடற்கரைத் தடுப்புச் சுவர்களும் பழுதாகிக் கிடந்தன. மேலும் கடன் வாங்கினால் வட்டி ஏறும். எனவே 1816இல் அரசு தானே 4,000 பவுண்டுக்கு 1 பவுண்டு நோட்டுகளை வெளியிட்டது.

அடுத்து, செயின்ட் பீட்டர் போர்ட் நகரில் இறைச்சிச் சந்தை கட்டவும் இப்படியே நோட்டு வெளியிடப்பட்டது. 1822இல் உருவான அச்சந்தையில் 36 கடைகள். கடைக்கு ஆண்டு வாடகை 5 பவுண்டு. ஆக 180 பவுண்டு. அத்துடன் மதுவரியிலிருந்து ஆண்டுக்கு 300 பவுண்டு ஒதுக்கினார்கள். இந்த வரவைக் கொண்டு நோட்டுகளைத் திரும்பப் பெற்று அழித்தார்கள். சுமார் பத்தாண்டுகளில் கணக்குத் தீர்ந்தது. வட்டி ஒரு காசும் இல்லை. சந்தை ஊருக்குச் சொந்தமாயிற்று. பின்னாளில் தீவின் 1 பவுண்டு நோட்டிலேயே அச்சந்தையின் படம் இடம்பெற்றது.

சொன்னபடி மீட்டு அழித்ததால்தான் அக்கால நோட்டுகள் இன்று சேகரிப்பாளர்களுக்கு எளிதில் அகப்படுவதில்லை. இதற்கு நேர்மாறானது, மலாயாவில் ஜப்பானியர் 1942 முதல் வெளியிட்ட வாழைமர நோட்டு. வரவு செலவுக் கணக்கின்றி அச்சிட்டுத் தள்ளினார்கள். 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் அது வெற்றுத்தாள் ஆயிற்று. அங்கே கடை வைத்திருந்த நம்மவர்களும் பெட்டி பெட்டியாகப் பணத்தை இழந்தார்கள். மீட்க ஆளில்லாத அந்த நோட்டு இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது!

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? நம் ஊர்களில் உள்ளாட்சி மன்றம் சந்தைக் கட்டடம் எழுப்பும்போது மொத்தச் செலவு எவ்வளவு, எந்த வரவிலிருந்து அடைபடும், எத்தனை ஆண்டில் தீரும் என்ற மூன்றையும் முதலிலேயே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். தீர்ந்த கடனைக் காட்டி வாடகையை ஏற்ற இடம் தரலாகாது.

நமக்கும் இதே நியதிதான். மொத்த வியாபாரியிடம் நாம் சொல்லும் தவணையும் ஒரு நோட்டே. குறித்த நாளில் அதை மீட்பவருக்கே அடுத்த சரக்கு கடனாகக் கிடைக்கும்.