உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம்

“பசியாறியாச்சா?” தோட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். எங்கே பசியாறினீர்கள், எப்படிப் பசியாறினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. இன்று அதைத்தான் கேட்கப் போகிறோம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத் தோழர்கள் சிலர் ஜொகூர் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர் போனோம். நம் தோழர் ஒருவரின் மகன் அங்கே வேலை செய்கிறான். அவனைப் பார்க்க அப்பாவும் அம்மாவும் கிளம்ப, நாமும் சேர்ந்துகொண்டோம். பையன் நம்மைத் தேக்காவுக்கு அழைத்துப் போனான். சிராங்கூன் ரோட்டில் 1947-ல் தொடங்கிய கோமள விலாஸ் இன்னும் நடக்கிறது. அதற்கும் முந்தியது 1924-ல் தொடங்கிய ஆனந்த பவன். பெரிய பெயர்களை விட்டுவிட்டு, சந்துக்குள் இருந்த ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். வாழை இலை, சுடுசோறு, மீன் குழம்பு, ரசம். காசு பையன் கொடுத்தான். 1973 மே மாதம் வரை நம் வெள்ளியும் அவர்கள் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று மாறியது. இன்று அவர்களுடைய ஒரு வெள்ளிக்கு நாம் மூன்றுக்கு மேல் கொடுக்க வேண்டும்.

சாப்பிட்டு முடித்ததும் பையனின் தாயார் என்ன செய்தார் தெரியுமா? எல்லோருடைய இலையையும் மடித்து எடுத்து, மேசையைத் துடைக்கத் துணி தேடினார். “அக்கா, விடுங்க, நான் பார்த்துக்கிறேன்” என்று கடைத் தம்பி ஓடி வந்தார். அக்கா வெட்கத்தோடு சிரித்தார். “யாராவது எடுத்துப் போட்டு, நான் உட்கார்ந்து தின்னு எத்தனை வருஷமாச்சு!” என்றார். அவருடைய வீட்டுக்காரர் தலை நிமிரவில்லை. உண்மையைச் சொன்னால், நாமும் நிமிரவில்லை.

விடிகாலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டுவது யார்? பிரட்டுக்கு ஓடி, வெயிலில் வேலை செய்து, திரும்பி வந்து மறுபடியும் அடுப்பு முன் நிற்பது யார்? ஆண்களுக்கு ஞாயிறு ஓய்வு. அவர்களுக்கு ஞாயிறு என்றால் கூடுதல் சமையல். சம கூலிக்குக் கொடி பிடித்த நாம் இதை எந்தக் கூட்டத்தில் பேசினோம்?

பக்கத்து மேசையில் மூன்று இளைஞர்கள். தமிழ்நாட்டிலிருந்து கட்டுமான வேலைக்கு வந்தவர்கள். பேச்சுக் கொடுத்தோம். “அண்ணே, மத்த ஆறு நாளும் பொட்டலச் சோறுதான். விடியறதுக்கு முன்னாடியே வந்துரும். மத்தியானம் பிரிச்சா சில நாள் புளிச்ச வாடை. இங்க வந்தாத்தான் சோறு சுடும்” என்றார் ஒருவர்.

நமக்கு இது புதுக் கதையா? நம் அப்பாவும் அம்மாவும் தூக்குச் சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு இருட்டில் காட்டுக்குப் போனவர்கள். பத்து மணிக்குப் பால் வாடை அடிக்கும் கையோடு, மரத்தடியில் குந்தி, ஆறிப்போன சோற்றைத் தின்றவர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. குந்தித் தின்பது பல இடங்களில் மாறவில்லை. கூட வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளியை நம்மில் சிலர் கேலி பேசுகிறோம். அவன் தின்பது நம் தாத்தா தின்ற சோறு என்பதை மறக்கலாமா?

2020 ஏப்ரலில் கோவிட் பரவியபோது சிங்கப்பூரில் இந்தத் தொழிலாளர்களை விடுதிகளுக்குள்ளேயே நிறுத்தினார்கள். மூன்று வேளையும் பொட்டலம்தான். 2021 செப்டம்பரில் சோதனையாகச் சிலரை வெளியே விட்டபோது, வாரத்துக்கு 500 பேர் வரைதான் அனுமதி. அவர்களை அழைத்துப் போன முதல் இடங்களில் ஒன்று இதே தேக்கா வட்டாரம். சிறையா என்று கேட்டால் இல்லை என்பார்கள். ஆனால் ஒரு கடையில் உட்கார்ந்து, ‘இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துங்க’ என்று கேட்கும் உரிமை ஒன்றரை வருஷத்துக்கு அவர்களுக்கு இல்லை.

அதே வட்டாரத்தில் நல்ல காரியமும் நடக்கிறது. ‘டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ’ என்ற தொண்டமைப்பு 2008-ல் ‘கஃப் ரோடு திட்டம்’ என்று ஒன்றைத் தொடங்கியது. வேலையில் அடிபட்டவர்கள், சம்பளப் பாக்கிக்கு வழக்குப் போட்டுவிட்டு வருமானம் இல்லாமல் காத்திருப்பவர்கள், இவர்களுக்கு அங்குள்ள சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் இலவசச் சாப்பாடு. மற்றவர்களைப் போலவே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். வழக்கு முடியும்வரை தொழிலாளியை நிமிர்ந்து நிற்க வைப்பது அந்தச் சோறுதான். பட்டினி போட்டே வழக்கை வாபஸ் வாங்க வைத்த கதைகள் நமக்குத் தெரியாதவையா?

கிளம்பும்போது பரிமாறிய தம்பியைக் கேட்டோம். “நீங்க எப்பப்பா சாப்பிடுவீங்க?” “மூணரை, நாலு ஆகும் அண்ணே. நின்னுக்கிட்டே ரெண்டு வாய்” என்றார். ஊருக்கே சோறு போடுகிறவருக்கு உட்கார இடமில்லை!

வேறு வழி உண்டா? உண்டு. இந்தியாவில் காப்பி வாரியம் தன் காப்பிக் கடைகளை மூடியபோது, வேலையிழந்த தொழிலாளர்கள் தோழர் ஏ.கே. கோபாலன் ஊக்கத்தில் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். 1957-ல் பெங்களூரில் முதல் சங்கம் பிறந்தது. அந்த ‘இந்தியன் காபி ஹவுஸ்’ கடைகள் பல ஊர்களில் இன்றும் நடக்கின்றன. பரிமாறுகிறவரே அங்கே பங்குதாரர்.

“சங்கத்துக்காரன் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்து புத்தி சொல்கிறான்” என்று சிலர் சிரிக்கலாம். சிரியுங்கள். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதை வைத்துக்கொண்டு வாராவாரம் குடும்பத்தோடு கடைக்குப் போ என்று நாம் சொல்லவில்லை. மூன்று காரியம்தான் சொல்கிறோம்.

ஒன்று: 1955 வேலைச் சட்டத்தின் 60ஏ பிரிவுப்படி, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, நடுவில் அரை மணிக்குக் குறையாத ஓய்வு கொடுக்க வேண்டும். அந்த அரை மணியை விட்டுக்கொடுக்காதீர்கள்.

இரண்டு: அடுத்த பேச்சுவார்த்தையில், ஒவ்வொரு வெளிக்காட்டிலும் கூரை, பெஞ்சு, கை கழுவத் தண்ணீர் என்று கேளுங்கள். உள்நாடு, வெளிநாடு என்று பிரிக்காமல் எல்லோருக்கும் கேளுங்கள்.

மூன்று: துரையிடம் கேட்க வேண்டியது இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு, வீட்டு அடுப்பை ஆண்கள் மூட்டுங்கள். அல்லது கள்ளுக்கடைக்குப் போகும் காசில் டவுனில் ஒரு வேளை வாங்கிக் கொடுங்கள். சோறு கொஞ்சம் குழைந்தாலும் பரவாயில்லை. அவர் உட்காரட்டும், நீங்கள் பரிமாறுங்கள்.

பிறகு கேளுங்கள், “பசியாறியாச்சா?” என்று.