முதலில் கருவியைச் சந்தேகியுங்கள்

கலைப்பீடத்துக்கும் அலைவுகாட்டிக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேட்பீர்கள். ஒசிலோஸ்கோப் எண்டு சொன்னால் கனபேருக்கு விளங்கும்: மின்னழுத்தம் நேரத்தோட எப்படி மாறுது எண்டதைத் திரையில் கோடாகக் காட்டுற கருவி. மாமா ரேடியோ, அம்ப்ளிபயர் திருத்துற கடை வைச்சிருக்கிறார். லீவில அங்க போய் நிற்கிறதால எனக்கு அது பழக்கம்.

போன லீவில, அங்க வேலை பழகுற தம்பி ஒருத்தன் ஒரு அம்ப்ளிபயரைத் திருத்தி முடிச்சான். சோதிக்கிறதுக்கு 1 கிலோஹேர்ட்ஸ் சதுர அலையைக் குடுத்தால், வெளியில வாற அலையின்ர மூலைகள் மழுங்கிக் கிடந்தது. "நீ சோல்டர் பண்ணினது பிழை" எண்டார் மாமா. நானும் திரையைப் பார்த்துத் தலையாட்டினன். பெடியன் மூன்று தரம் கழற்றிப் பூட்டினான். அதே கோடுதான்.

கடைசியில அவன் புரோபைக் கொண்டுபோய் அலைவுகாட்டியின்ர முகப்பிலயே இருக்கிற சோதனை முனையில கொழுவினான். அந்த முனை ஒழுங்கான சதுர அலையைத் தருகிறது. அதுவும் மழுங்கித்தான் தெரிஞ்சுது. அம்ப்ளிபயரில பிழையே இல்லை.

விசயம் சின்னன். சமிக்ஞையைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கிற வழமையான புரோபுக்குள் 9 மெகா ஓம் தடை இருக்கிறது. கருவியின் உள்ளீட்டில் 1 மெகா ஓம். தடை மட்டும் பொருந்தினால் போதாது, கொள்ளளவமும் பொருந்த வேண்டும். அதுக்குத்தான் புரோபில ஒரு குட்டித் திருகாணி இருக்குது. ஒரு கருவியில இருந்த புரோபை இன்னொன்றில கொழுவினால் அதைத் திருப்பிச் சரிபார்க்கோணும். ஒரு நிமிச வேலை.

இப்படி இன்னும் இருக்குது. புரோபின்ர ஆளி பத்திலயும் கருவியின்ர அமைப்பு ஒன்றிலயும் இருந்தால், 5 வோல்ற் அரை வோல்ற்றாகத் தெரியும். 20 மெகாஹேர்ட்ஸ் எண்டு எழுதியிருக்கிற கருவி, அதே 20 மெகாஹேர்ட்ஸ் சைன் அலையை ஏறக்குறைய 30 வீதம் குறைச்சுத்தான் காட்டும். அது பழுதில்லை, பட்டையகலம் எண்ட சொல்லுக்கு அர்த்தமே அதுதான். புது டிஜிட்டல் கருவிகள் தசமப் புள்ளியோட எண்ணைத் தாறதால நாங்கள் இன்னும் வடிவா நம்பிப்போடுறம்.

"ஒருக்கா மறந்துபோச்சு, இதுக்கு ஏன் கட்டுரை?" எண்டு கேட்கலாம். எனக்கு உறுத்துறது மறதி இல்லை, சந்தேகம் போன ஒழுங்கு. முதலில் கடையில ஆகச் சின்ன ஆள், பிறகு அவன்ர வேலை, கடைசியாகத்தான் கருவி. அதையும் சந்தேகிச்சது பேச்சு வாங்கின பெடியன்தான். வினாக்கொத்தோட கிராமங்களுக்குப் போற எங்கட ஆக்களும் இதைத்தான் செய்யிறம்: பதில் ஒத்துவரேல்லை எண்டால் "சனத்துக்கு விளங்கேல்லை" எண்டு எழுதுறம், கேள்வியைத் திருப்பி வாசிக்கிறதில்லை. ஒருத்தரில பிழை சொல்ல முதல், அளந்த சாமானைச் சரிபார்த்ததைக் காட்டோணும்.

அண்டைக்குப் பின்னேரம் மாமா அவனுக்குப் பிளேன்ரீயும் வடையும் வாங்கிக் குடுத்தார். மன்னிப்பு எண்டு ஒரு சொல் வரேல்லை. தலையாட்டின என்னட்ட இருந்தும் வரேல்லை. இதை வாசிச்சால், தம்பி, சொறி.