ஏழரை வருஷம்

வீட்டுக்கடன் வாங்கியவருக்கு அஸ்திவாரத்துக்கு ஒரு தவணை, லிண்டல் மட்டத்துக்கு ஒரு தவணை என்று பணம் விடுவோம். லிண்டல் வரை வந்தபிறகு, "இனிமே உங்க வீட்டுல எங்களுக்கு லாபமில்லை, கூரையை நீங்களே பாத்துக்குங்க" என்று நான் சொன்னால் என்ன ஆகும்? ஓம்பட்ஸ்மேன் வரை இழுப்பார்கள். இழுக்கத்தான் வேண்டும். இதையே டிவிடி விற்பவர்கள் செய்தால் மட்டும் அதற்குப் பெயர் வியாபார முடிவாம்.

நான் புலம்புவது 'என்ஒய்பிடி ப்ளூ' பற்றி. 1993 முதல் 2005 வரை அமெரிக்காவில் ஏபிசியில் ஓடிய போலீஸ் தொடர். 12 சீசன், 261 எபிசோட். முதல் இரண்டு சீசன் 2003-ல் டிவிடியாக வந்தன. மூன்றும் நாலும் 2006-ல். அத்தோடு கடையைச் சாத்திவிட்டார்கள். ஐந்தாவது வந்தது 2014 ஜனவரியில், அதுவும் வேறொரு சின்ன கம்பெனி உரிமை வாங்கியதால். நடுவில் ஏழரை வருஷம். சனி பகவான் கணக்கு!

சரி, ஒரு சீரியல் பாதியில் நின்றால் குடியா முழுகிவிடும் என்பீர்கள். எங்கே நிறுத்தினார்கள் என்று பாருங்கள். (இனிமேல் பார்க்கப் போகிறவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடவும்.)

கதையின் முதுகெலும்பு ஆண்டி சிபோவிச் என்ற துப்பறிவாளன். முதல் சீசனில் குடிகாரன், இனவெறி பிடித்த வாய், கைதிமேல் கைவைக்கிற ஆள். இவன் எப்படி மனுஷனாகிறான் என்பதுதான் 12 வருஷக் கதை. மூன்றாவது சீசனில் மகன் சுடப்பட்டுச் சாகிறான், இவன் திரும்பக் குடிக்கிறான். ஆறாவதில் பார்ட்னர் பாபி சிமோன் ஆஸ்பத்திரியில் இறக்கிறான், சீசன் முடிவில் மனைவி சில்வியா கோர்ட்டில் வைத்துச் சுடப்படுகிறாள். இந்தத் தடவையும் பாட்டிலைத் தொடுவானா, மாட்டானா? கேள்வியே இங்கேதான் இருக்கிறது. டென்னிஸ் ஃப்ரான்ஸ் இந்த வேஷத்துக்கு நாலாவது எம்மி வாங்கியது 1999-ல். நாலாவது சீசனோடு நிறுத்துவது, ஒருவனைக் கெட்டவனாகக் காட்டிவிட்டு, திருந்தியதைச் சொல்லாமல் எழுந்து போவது மாதிரி.

ஒவ்வொரு சீசனுக்கும் விற்பனை குறைந்துகொண்டே போகும் என்பது அவர்கள் வாதம். பி.காம். படித்தவன்தான், எனக்கும் புரியும். ஆனால் முதல் பெட்டியை நான் வாங்கியதே 12-ம் வரும் என்று நம்பித்தானே? அந்த நம்பிக்கைக்கும் சேர்த்துத்தானே காசு வாங்கினீர்கள்? கட்டுப்படியாகாது என்ற அதே சரக்கைச் சின்ன கம்பெனி ஐந்திலிருந்து 12 வரை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்ததே, அது எப்படி?

இதில் எரிச்சலான விஷயம், காசு கொடுத்தவன்தான் காத்திருந்தான். திருட்டு டவுன்லோடு ஆசாமிகள் எப்போதோ கடைசி எபிசோடைப் பார்த்து முடித்துவிட்டார்கள். ஒழுங்காகத் தவணை கட்டியவனுக்கு ஒன்றுமில்லை, கட்டாதவனுக்குத் தள்ளுபடி. எங்கள் தொழிலிலும் பார்க்காததா!

"இப்பதான் எல்லாம் ஆன்லைன்ல இருக்கே சார்" என்பவர்களுக்கு: 1999-ல் முடிந்த 'ஹோமிசைட்' என்ற இன்னொரு அருமையான போலீஸ் தொடர் ஸ்ட்ரீமிங்குக்கு வந்தது 2024 ஆகஸ்டில். பின்னணிப் பாட்டுகளின் உரிமைத் தகராறு. அதுவரை அதைப் பார்த்தவர்கள் டிவிடி வைத்திருந்தவர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? 2007-ல் நாக்பூருக்கு மாற்றல். குடும்பம் திருநெல்வேலியில், நான் ஒற்றை அறையில். கூடப் படித்தவன் நியூஜெர்சியிலிருந்து நாலு பெட்டியையும் கொண்டுவந்து கொடுத்தான். அது ரீஜன் 1, நம் நாடு 5. பிளேயரைத் திறந்துவிட ரிமோட்டில் என்னென்னவோ அமுக்க வேண்டியிருந்தது. கிளையில் ஹெட் கேஷியர் ஒரு மராட்டியர், மனைவியை இழந்தவர், சனிக்கிழமை ராத்திரி டிஃபன் கேரியரோடு வந்துவிடுவார். ஒரு காலத்தில் மனுஷன் நன்றாகக் குடித்தவர், நிறுத்திவிட்டார். சிபோவிச் குடிக்கும் காட்சிகளில் மட்டும் எழுந்து பால்கனிக்குப் போவார்.

2009-ல் ஓய்வு பெற்றார். நான் வேறு ஊருக்கு மாறிய பிறகும் தீபாவளிக்குத் தவறாமல் போன் வரும். நலம் விசாரிப்பதற்கு முன்னாலேயே, "பாஞ்ச்வா ஆயா க்யா?" ஐந்தாவது வந்துவிட்டதா என்று. இல்லை சார், இன்னும் வரவில்லை. 2012 தீபாவளிக்கு நான்தான் போன் செய்தேன், மகள் எடுத்தார்.

ஆறாவது சீசனைத் தனியாகத்தான் பார்த்தேன். சிபோவிச் பாட்டிலைத் தொடுகிறானா இல்லையா என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அதைச் சொல்ல வேண்டியது அவரிடம்.