காலையில் முரண்டு பிடிக்கும் டீசல் வண்டி

நேற்று சாவியைத் திருப்பியதும் உறுமிய வண்டி, இன்று விடியற்காலையில் அசைய மறுக்கிறது. மதியம் தொட்டால் ஒன்றுமே நடவாததுபோல் ஓடுகிறது. பட்டறைக்குக் கொண்டு போனாலோ நல்ல பிள்ளையாக நடந்துகொள்கிறது! இப்படிக் கண்ணாமூச்சி ஆடும் கோளாறுதான் வீட்டுப் பணத்தைத் தின்கிறது. இன்று பேட்டரி, அடுத்த மாதம் ஸ்டார்ட்டர் என்று மாற்றிக்கொண்டே போவோம்; கோளாறோ அங்கேயே இருக்கும். நள்ளிரவில் பிள்ளையை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டிய வேளையில் அது மறுபடியும் தலைகாட்டும். ஆகவே சற்று நிதானமாகப் பார்ப்போம்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி பிளக் கிடையாது. காற்றை ஏறத்தாழ 20இல் ஒரு பங்காக நெருக்கும்போது எழும் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. எனவே மூன்று வேண்டும்: வேகமான சுழற்சி, போதிய சூடு, தடையில்லாத டீசல். இவற்றில் எது குறைகிறது என்று வண்டியே உங்களுக்குச் சொல்லும்.

முதலில் காது கொடுங்கள். எஞ்சின் சுற்றவே இல்லையா, சோம்பிச் சுற்றுகிறதா? முன்விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். விளக்கு அணைவதுபோல் மங்கினால் பேட்டரி பலவீனம், அல்லது அதன் முனைகளில் பூத்த வெள்ளைப் பொடி. விளக்கு பிரகாசமாகவே இருந்து, 'டக்' என்ற ஒலி மட்டும் வந்தால் ஸ்டார்ட்டரையும் அதன் கம்பிகளையும் சோதிக்க வேண்டும். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். சுற்றும்போது 9.6க்குக் கீழே இறங்கக்கூடாது.

எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லையா? புகைக்குழாயைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, சூடுதான் போதவில்லை. குளோ பிளக்கைச் சோதியுங்கள். முன்பலகையில் அதன் விளக்கு எரிவதை மட்டும் நம்பாதீர்கள். பிளக் செத்திருந்தாலும் பல வண்டிகளில் அது எரியும். மதியம் எஞ்சினில் சூடு மிச்சமிருப்பதால் தப்பித்துக்கொள்கிறது.

புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை. மேட்டைப் பார்த்து நிறுத்திய மறுநாள் மட்டும் மறுக்கிறதா? ஏதோ ஒரு குழாய் இணைப்பில் காற்று புகுந்து, டீசல் தொட்டிக்கே இறங்கிவிடுகிறது. ஃபில்டர் மேலுள்ள கைப்பம்பை இறுகும்வரை அழுத்திவிட்டுத் திருப்புங்கள். உடனே பற்றினால் சந்தேகம் உறுதி. அந்த இடத்தில் டீசல் ஒழுகாமலும் இருக்கலாம்.

ஃபில்டர் அடியில் தேங்கும் தண்ணீரையும் ஒரு கண்ணாடிப் புட்டியில் இறக்கிப் பாருங்கள். தண்ணீர் அடியில் தங்கும். மலேசியாவில் போக்குவரத்து டீசலில் 10 விழுக்காடு செம்பனை எரிபொருள் கலக்கும் திட்டம் 2019இல் வந்தது. நாம் வெட்டிய குலைதான் வண்டிக்குள் போகிறது! ஆனால் அத்தகைய கலவை, வெறும் டீசலைவிடச் சற்றுக் கூடுதலாக ஈரத்தை ஏற்கும். ஆகவே தண்ணீரை அவ்வப்போது இறக்குவது நல்லது.

எல்லாவற்றிலும் பெரிய மருந்து பிள்ளைகளின் பழைய நோட்டுப்புத்தகம்! வண்டி மறுக்கும் ஒவ்வொரு முறையும் நாள், நேரம், மழையா வெயிலா, மேடா சமதரையா, என்ன ஒலி, என்ன புகை என்று எழுதிவையுங்கள். ஐந்தாறு முறை எழுதினால் கோளாறின் முகம் தெரிய ஆரம்பிக்கும். சூடாக இருக்கும்போது மட்டும் மறுத்தால் டீசல் பம்பு தேய்ந்திருக்கக்கூடும்.

இரண்டு எச்சரிக்கை. குளோ பிளக் உள்ள எஞ்சினில் ஈதர் ஸ்பிரே அடிக்காதீர்கள், வெடிக்கும். புதிய காமன் ரெயில் வண்டிகளில் டீசல் குழாயைத் தளர்த்தவே கூடாது. 1,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

அந்த நோட்டோடு பட்டறைக்குப் போங்கள். "என்னவென்று பாருங்கள்" என்பதற்குப் பதில், "சுற்றுகிறது, புகை இல்லை, மேட்டில் நிறுத்தினால்தான் வருகிறது" என்று சொல்லுங்கள். மெக்கானிக்கும் தேடுவதில் நேரம் கழிக்கமாட்டார். உங்கள் வெள்ளியும் மிஞ்சும்.