பல்கலைக்கழக நேர்காணல்: "என்னதான் கேட்பாங்க?"

மேல்நிலைத் தேர்வு முடிவு வந்தாச்சு. விண்ணப்பமும் போட்டாச்சு. இப்போது மின்னஞ்சலை ஒரு நாளைக்குப் பத்து முறை திறந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு நாள் வரும்: "உங்களை நேர்காணலுக்கு அழைக்கிறோம்."

மகிழ்ச்சி ஒரு பத்து நிமிடம். அதற்குப் பிறகு கவலை. என்ன கேட்பாங்க? என்ன சொல்லணும்? யாரிடம் கேட்பது?

இவ்வாண்டு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு அந்தக் கவலை கொஞ்சம் கூடுதலாக இருப்பதில் நியாயம் உண்டு. காரணம், மதிப்பெண் கணக்கு மாறியிருக்கிறது.

90 இப்போது 70

சிங்கப்பூரில் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான அதிகபட்சப் புள்ளிகள் பல ஆண்டுகளாக 90ஆக இருந்தன. 2026 சேர்க்கையிலிருந்து அது 70. மூன்று எச்2 பாடங்களுக்குத் தலா 20, பொதுத் தாளுக்கு 10. அவ்வளவுதான். திட்டப்பணிப் பாடத்தில் இனி தேர்ச்சி பெற்றால் போதும், அதற்குப் புள்ளி கிடையாது. நான்காவது பாடம் மொத்தப் புள்ளிகளை உயர்த்தினால் மட்டுமே கணக்கில் வரும்.

தமிழ்ப் பாடம் எடுத்தவர்களுக்கு ஒரு குறிப்பு. தாய்மொழிப் பாடத்துக்கும் அதே விதிதான். உங்கள் புள்ளிகளை உயர்த்தினால் சேர்த்துக்கொள்வார்கள். குறைத்தால் விட்டுவிடுவார்கள்.

மாணவர்கள் மீதான தேர்வு நெருக்கடியைத் தணிப்பது நோக்கம். 2023இல் கல்வி அமைச்சு இதை அறிவித்தபோது பெற்றோர் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார்கள். ஆனால் நெருக்கடி ஓரிடத்தில் குறைந்தால் இன்னோர் இடத்தில் தலைகாட்டும். கணக்கில் வரும் பாடங்கள் குறையக் குறைய, ஒரே புள்ளியில் நிற்கும் மாணவர்கள் கூடுவார்கள்.

மருத்துவம், சட்டம் இரண்டிலும் இந்த நிலை ஏற்கெனவே இருந்தது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியலைப் பாருங்கள். சேர்ந்தவர்களில் கீழ்வரிசையில் இருப்பவரின் தேர்ச்சியும் மேல்வரிசையில் இருப்பவரின் தேர்ச்சியும் ஒன்றேதான். எல்லாம் 'ஏ'. அப்படியென்றால் இவரா அவரா என்று மதிப்பெண்ணை வைத்து முடிவுசெய்ய முடியாது. முடிவு நேர்காணல் அறைக்குப் போய்விடுகிறது.

மதிப்பெண் சற்றுக் குறைந்தவர்களுக்கும் அதே அறைதான் வழி. துறைமீது உண்மையான ஆர்வமும் திறனும் உள்ளவர்களைச் சேர்க்கப் பல்கலைக்கழகங்களுக்கு விருப்புரிமை உண்டு. மொத்த இடங்களில் 10 விழுக்காடாக இருந்த அந்த வரம்பு, 2017இல் 15 விழுக்காட்டுக்கு உயர்த்தப்பட்டது. பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து வருபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

எல்லாத் துறைக்கும் நேர்காணல் இல்லை. மருத்துவம், பல் மருத்துவம், சட்டம், தாதிமை, கட்டடக்கலை போன்றவற்றுக்கு உண்டு. பல் மருத்துவத்தில் கைத்திறன் சோதனைகூட இருக்கிறது. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் நேர்காணலுக்கே பேர் போனது.

ஓர் அறை அல்ல, பல அறைகள்

மருத்துவம் படிக்க விரும்புபவர்கள் கவனிக்க வேண்டிய முறை ஒன்று இருக்கிறது. நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று பேராசிரியர்கள், எதிரில் நீங்கள் என்ற காட்சியை மறந்துவிடுங்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கொங் சியான் மருத்துவக் கல்லூரியில் நடப்பது பல சிறு நேர்காணல்கள். ஓர் அறையில் சில நிமிடங்கள். மணி அடித்தால் அடுத்த அறை. அங்கே வேறு கேள்வி, வேறு ஆள். தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் லூ லின் மருத்துவக் கல்லூரி நடத்தும் திறன் மதிப்பீடும் ஏறக்குறைய இதே பாணிதான்.

இந்த முறை கனடாவில் பிறந்தது. அங்குள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி 2000களின் தொடக்கத்தில் இதை உருவாக்கியது. பழைய முறையில் என்ன கோளாறு? ஒரே குழு உங்களை அரை மணிநேரம் பார்க்கிறது. முதல் இரண்டு நிமிடங்களில் உங்களைப் பிடித்துவிட்டால், மீதி நேரம் முழுக்க நீங்கள் சொல்வதெல்லாம் நன்றாகவே படும். பிடிக்காமல் போனால் அதோடு சரி. அதே மாணவரை வேறு குழு பார்த்தால் வேறு மதிப்பெண். ஆக, அதிர்ஷ்டத்தின் பங்கு அதிகம்.

பல அறைகள் இருந்தால் ஒருவரின் முன்முடிவு மொத்தத்தையும் ஆட்டிவைக்காது. மாணவர் பார்வையில் இதில் ஒரு பெரிய நிம்மதி இருக்கிறது. ஓர் அறையில் சொதப்பினாலும் அடுத்த கதவுக்குப் பின்னால் இருப்பவருக்கு அது தெரியாது. ஆனால் அதையே நினைத்துக்கொண்டு அடுத்த அறைக்குள் நுழைபவர்கள்தான் இரண்டையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

பாட்டியும் கஷாயமும்

எப்படிப்பட்ட கேள்வி வரும்? நம் வீடுகளில் நடக்கக்கூடிய ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

கதவுக்கு வெளியே ஒரு தாளில் எழுதியிருக்கிறது: "உங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு நீரிழிவு. மாத்திரையை நிறுத்திவிட்டு, உறவினர் சொன்ன கஷாயத்தைக் குடிக்கிறார். உள்ளே சென்று அவரிடம் பேசுங்கள்." உள்ளே ஒருவர் பாட்டியாக நடிக்கிறார்.

நன்றாகப் படிக்கும் மாணவர்கள் பலர் உடனே பாடம் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். மாத்திரையை நிறுத்தினால் சிறுநீரகம் கெடும், கண் பார்வை போகும், கால் போகும். சொல்வதெல்லாம் சரி. ஆனால் பாட்டி ஏன் நிறுத்தினார் என்று கேட்கவே இல்லையே! மாத்திரை சாப்பிட்டால் தலைசுற்றுகிறதோ? செலவுக்குப் பயமோ? மகனிடம் பணம் கேட்கக் கூச்சமோ? மாத்திரை என்ற சொல்லே நோயாளி என்ற எண்ணத்தைக் கொடுக்கிறதோ?

அங்கே பார்க்கப்படுவது நீரிழிவு பற்றிய உங்கள் அறிவை அல்ல. அதைத்தான் ஐந்து ஆண்டு சொல்லிக்கொடுக்கப் போகிறார்களே. எதிரில் இருப்பவரைக் கேட்கிறீர்களா, அவர் சொன்னதைக் கேட்டபின் நீங்கள் பேசும் விதம் மாறுகிறதா என்பதுதான் கேள்வி.

கொள்கை சார்ந்த கேள்வியும் வரலாம். உறுப்பு தானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் நீங்கள் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதவரை உறுப்பு தானத்துக்குச் சம்மதித்ததாகவே சட்டம் கருதுகிறது. 1987இல் சிறுநீரகத்தோடு தொடங்கியது. 2004இல் கல்லீரல், இதயம், விழிவெண்படலம் சேர்ந்தன. 2008இல் முஸ்லிம்களும் சட்டத்தின்கீழ் வந்தனர். "இந்த முறை சரியா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

"உயிரைக் காப்பாற்றுவதால் சரி" என்று முடித்துவிடலாம். தப்பில்லை, ஆனால் அதில் யோசனை இல்லை. துயரத்தில் நிற்கும் குடும்பத்தின் நிலை என்ன? வாய்திறந்து சொல்லாத சம்மதம் சம்மதமாகுமா? மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவரின் பக்கம் நின்று பார்த்தால் எப்படித் தெரிகிறது? இத்தனையும் எடைபோட்டு, "இருந்தாலும் நான் இதை ஆதரிக்கிறேன், ஆனால் மக்களுக்கு இன்னும் தெளிவாக விளக்கவேண்டும்" என்று ஒரு முடிவுக்கு வந்தால், கேட்பவருக்கு உங்கள் மூளை வேலை செய்யும் விதம் தெரிகிறது. எதிர் முடிவுக்கு வந்தாலும் அப்படித்தான்.

சட்டத் துறையிலும் இதே கதை. சட்டம் படிப்பவர்கள் எல்லாரும் சந்திக்கும் பழைய புதிர் ஒன்று உண்டு. பிரிட்டிஷ் சட்டத் தத்துவ அறிஞர் எச். எல். ஏ. ஹார்ட் 1958இல் எழுப்பியது: "பூங்காவில் வாகனங்களுக்கு அனுமதி இல்லை" என்று விதி இருந்தால், எதெல்லாம் வாகனம்? கார் சரி. பிள்ளையின் சைக்கிள்? ஆம்புலன்ஸ்? நம்மூரில் இது வெறும் புதிரும் அல்ல. 2019 நவம்பரில் மின்ஸ்கூட்டர்களை நடைபாதையில் ஓட்டத் தடை வந்தபோது, உணவு விநியோகம் செய்தவர்களின் பிழைப்பு ஒரே நாளில் மாறியது. முதியவரின் மின்சக்கர நாற்காலி தொடரலாம், உணவு கொண்டுபோகும் ஸ்கூட்டர் கூடாது. கோட்டை எங்கே போடுவது, ஏன் அங்கே? வீவக அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நின்று கவனித்தவருக்கு இதைப் பற்றிப் பேச எந்தப் பயிற்சி வகுப்பும் தேவையில்லை.

"மக்களுக்குச் சேவை செய்ய"

எந்தத் துறையானாலும் ஒரு கேள்வி நிச்சயம்: ஏன் இந்தப் படிப்பு?

"சின்ன வயசிலிருந்தே ஆசை", "மக்களுக்குச் சேவை செய்ய." இரண்டையும் கேட்டுக் கேட்டுப் பேராசிரியர்களுக்குச் சலித்திருக்கும். தாதியும் சேவைதான் செய்கிறார். சமூக ஊழியரும் துப்புரவாளரும்கூட. அவர்களில் ஒருவராக ஏன் ஆக விரும்பவில்லை? அடுத்த கேள்வி அப்படி வந்தால்?

முதியோர் இல்லத்தில் 200 மணிநேரம் தொண்டூழியம் செய்தேன் என்பது எண். அங்கே ஒரு தாத்தா தினமும் அதே கதையைச் சொன்னார், மூன்றாவது வாரம் எனக்கு அலுத்துவிட்டது, அதற்குப் பிறகுதான் அங்கு வேலை செய்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கவனிக்கத் தொடங்கினேன் என்பது அனுபவம். எண்ணைவிட இது நின்று பேசும். நீங்கள் எழுதி அனுப்பிய தன்விவரக் குறிப்பில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் இப்படி ஒரு சம்பவம் உங்களிடம் இருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்த கட்டுரையில் சிக்கல் இங்கேதான். கட்டுரை அழகாக இருக்கும், ஆனால் அறைக்குள் அது உங்களோடு வராது.

அப்பா அம்மாவின் ஆசைக்காக விண்ணப்பித்தவர்கள் தடுமாறுவதும் இந்தக் கேள்வியில்தான். அதைக் கடைசி வாரத்தில் சரிசெய்ய முடியாது. பெற்றோர் இதைப் படித்துக்கொண்டிருந்தால், பிள்ளையிடம் ஒருமுறை கேளுங்கள்: நாங்கள் எதுவும் சொல்லாமல் இருந்திருந்தால் எதைத் தேர்ந்தெடுத்திருப்பாய்? பதிலைக் கேட்டுக் கோபப்படாமல் இருக்க முடிந்தால் மட்டும்.

வீட்டுப் பழக்கமும் அறை வழக்கமும்

நம் குடும்பங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பது என்ன? பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே. எதிர்த்துப் பேசாதே. தற்பெருமை கூடாது. நல்ல பழக்கங்கள்தான். ஆனால் நேர்காணலில் பேராசிரியர் வேண்டுமென்றே உங்கள் கருத்தை மறுப்பார். "இல்லை, நீங்கள் சொல்வது தவறு" என்பார். மரியாதை கருதி உடனே "ஆமாம் சார், நீங்க சொல்றதுதான் சரி" என்று பின்வாங்கினால், உங்களுக்கென்று ஒரு நிலைப்பாடு இல்லை என்றாகிவிடும். "அந்தக் கோணம் புரிகிறது, இருந்தாலும் நான் இப்படி நினைப்பதற்குக் காரணம்..." என்று பணிவோடு நின்று பேசுவது அவமரியாதை அல்ல. உண்மையாகவே அவர் சொன்னதில் விஷயம் இருந்தால் மாறிக்கொள்ளுங்கள், ஏன் மாறினீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

இதை எங்கே பழகுவது? சாப்பாட்டு மேசையில். காசு கொடுக்க வேண்டியதில்லை. காப்பிக்கடைத் தேநீரிலும் சர்க்கரை அளவுக்குத் தரக்குறியீடு தேவையா என்று மாமாவிடம் கேளுங்கள். அவர் நிச்சயம் ஏதாவது சொல்வார். நீங்கள் மறுத்துப் பேசுங்கள். நேர்காணல் ஆங்கிலத்தில் நடக்கும் என்பதால் பாதி நேரம் ஆங்கிலத்தில் வாதாடுங்கள். தமிழில் யோசித்ததை ஆங்கிலத்தில் சொல்ல இரண்டு விநாடி கூடுதலாக எடுத்தால் பரவாயில்லை. யோசிப்பவர் போலத்தான் தெரியும்.

பயிற்சி வகுப்புகள் பற்றியும் சொல்லியாக வேண்டும். நேர்காணலுக்கென்றே நூற்றுக்கணக்கான வெள்ளி வாங்கும் வகுப்புகள் இருக்கின்றன. வசதியுள்ளவர்கள் போகிறார்கள், இல்லாதவர்கள் பின்தங்கிவிட்டோமோ என்று பயப்படுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் மருத்துவக் கல்லூரி விண்ணப்பதாரர்களைப் பற்றி 2008இல் வெளியான ஆய்வு ஒன்றில், பயிற்சி வகுப்புக்குப் போனவர்கள் பல அறை நேர்காணலில் மற்றவர்களைவிடச் சிறப்பாகச் செய்யவில்லை என்று தெரியவந்தது. அதற்காக வசதியால் பயனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வீட்டில் ஒரு மருத்துவரோ வழக்கறிஞரோ இருந்தால் அந்த உலகத்தின் பேச்சு இயல்பாகவே பழகியிருக்கும். பேருந்து ஓட்டுநரின் பிள்ளைக்கு அது கிடைக்காது. அந்த இடைவெளியை வகுப்பைவிட ஆசிரியரும், அதே துறையில் படித்துக்கொண்டிருக்கும் மூத்த மாணவரும் நன்றாக நிரப்புவார்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். பள்ளியின் உயர்கல்வி ஆலோசகரிடம் மாதிரி நேர்காணல் கேட்டு வாங்குங்கள். பதிலை மனப்பாடம் செய்துகொண்டு போகாதீர்கள், கேள்வி சற்றே மாறினால்கூடக் கால் இடறும்.

இடம் கிடைக்காமல் போனால்? தேசியச் சேவையில் இருக்கும் இளையர்கள் அங்கிருந்தே அடுத்த ஆண்டு மறுபடியும் விண்ணப்பிக்கலாம். பெண்களில் சிலர் ஓராண்டு மருந்தகத்திலோ சட்ட நிறுவனத்திலோ வேலை பார்த்துவிட்டு வருகிறார்கள். அடுத்த முறை "ஏன் இந்தப் படிப்பு?" என்று கேட்டால் அவர்களிடம் சொல்ல நிறைய இருக்கும்.

இன்னொன்று. முடியும் நேரத்தில் பெரும்பாலும், "எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா?" என்பார்கள். "இல்லை, நன்றி" என்று எழுந்துவிட வேண்டாம். இணையப் பக்கத்திலேயே விடை இருக்கும் கேள்வியும் வேண்டாம். முதலாமாண்டு மாணவர்கள் எதற்கு அதிகம் திணறுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.