பன்னீர் திராட்சை ஊருக்கு ஒரு சனி, ஞாயிறு



பயணச் சிறப்பிதழுக்கு என்ன போடலாம் என்று பேச உட்கார்ந்தபோது, எங்கள் உதவி ஆசிரியர்களில் இளையவர் ஒருவர் ஆசை ஆசையாக ஒரு திட்டத்தோடு வந்தார். வெயில் காயும் திராட்சைத் தோட்டம், பக்கத்திலேயே நல்ல சாப்பாடு, கையில் ஒரு கோப்பை ஒயின். படங்கள் எல்லாம் இத்தாலி, பிரான்ஸ். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. விசா, விமான டிக்கெட், யூரோ என்று கணக்குப் போட ஆரம்பித்ததும் எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் மேசைமேல் இருந்தது திருச்சி சாஸ்திரி சாலைத் தள்ளுவண்டியில் வாங்கிய பன்னீர் திராட்சை. அது விளைந்த ஊருக்குத் தென்னூரிலிருந்து காரில் போனால் நாலரை, ஐந்து மணி நேரம்தான்.

கம்பம் பள்ளத்தாக்கைத்தான் சொல்கிறேன். தேனி மாவட்டத்தில் சின்னமனூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் மலை நெருங்கி வரும். மேற்கே ஏலக்காய் மலை, கிழக்கே மேகமலை. நடுவில் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி, கூடலூர் என்று ஊருக்கு ஊர் திராட்சைப் பந்தல். தமிழ்நாட்டில் விளையும் பன்னீர் திராட்சையில் பெரும்பங்கு இங்கிருந்துதான் போகிறது. 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இங்கே திராட்சைக் கொடியைக் கொண்டுவந்தார் என்பது வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. பாதிரியார் கொண்டுவந்தார் என்றால் பூசைக்கு வேண்டிய ஒயினுக்காகத்தான் இருக்கும் என்பது என் சொந்த ஊகம். தப்பென்றால் ராயப்பன்பட்டிக்காரர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

ஐரோப்பாவில் குளிர் வந்தால் கொடி இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கிவிடும். ஆண்டுக்கு ஒரே ஒரு பறிப்பு. அந்தச் சில வாரங்களைத் தவறவிட்டால் வெறும் இலையைப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான். கம்பத்தில் அந்தக் கவலை கிடையாது. இங்கே கொடிக்கு நாள் குறிப்பது கவாத்துக் கத்தி. கவாத்து செய்ததிலிருந்து ஏறக்குறைய நாலு மாதத்தில் பழம் பறிக்கலாம். ஆளாளுக்கு வெவ்வேறு நேரத்தில் கவாத்து செய்வதால், ஒரு தோட்டம் மொட்டையாக நிற்கும்போது அடுத்ததில் பூ இருக்கும், அதற்கடுத்ததில் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள். பார்க்கப் போகிற நமக்கு இது கொண்டாட்டம். விவசாயிக்கு அப்படியில்லை. பறிக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் பழம் வெடித்துவிடும். சாம்பல் நோய் வந்தால் மருந்துச் செலவு. எல்லாம் தப்பிப் பழம் வந்தாலும், அன்றைக்கு வியாபாரி சொல்வதுதான் விலை.

பந்தலுக்குள் ஒருமுறை நுழைந்து பாருங்கள். கல்தூண் நட்டு, மேலே கம்பி இழுத்துக் கட்டியிருப்பார்கள். வெளியே கண்ணைக் கூசும் வெயில், உள்ளே பச்சை நிழல். உயரமானவர்கள் குனிந்தே நடக்க வேண்டும், இல்லாவிட்டால் கொத்து நெற்றியில் இடிக்கும். பழத்தின் மேல் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். அதெல்லாம் மருந்து என்று பயப்பட வேண்டாம், பழம் தானாகப் போர்த்திக்கொள்ளும் மெல்லிய மெழுகு அது, விரலால் தேய்த்தால் போய்விடும். அதற்காக மருந்தே அடிக்கவில்லை என்றும் ஆகாது. தோட்டக்காரரிடம் கேட்காமல் கொத்தில் கை வைக்காதீர்கள். கேட்டால் அவரே நல்ல கொத்தாகப் பார்த்து அறுத்துத் தருவார். தோலை உதட்டில் வைத்து அழுத்தினால் சதை வழுக்கிக்கொண்டு வாய்க்குள் வந்துவிடும். விதை இருக்கும், துப்பத்தான் வேண்டும். விதையில்லாப் பழத்தில் அந்தப் பன்னீர் வாசனை கிடையாது.

இந்தப் பள்ளத்தாக்கு பச்சையாக இருப்பதற்கு முல்லைப்பெரியாறுதான் காரணம். மேற்கே ஓடி கடலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீரை பென்னிகுவிக் 1895-ல் அணை கட்டி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைவது அந்தத் தண்ணீரில். லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. ஜனவரி 15 அவர் பிறந்தநாள், அன்று ஊர்க்காரர்கள் அவர் பெயரில் பொங்கல் வைக்கிறார்கள். வெள்ளைக்கார எஞ்சினீயர் ஒருவருக்குப் பொங்கல் வைப்பதைக் காண அந்த நாளில் போகலாமே என்று தோன்றும். ஆனால் அது ஐயப்ப சீசனின் உச்சம். குமுளி, கம்பம்மெட்டு மலைப்பாதைகளில் பக்தர்கள் வண்டி வரிசை கட்டி நிற்கும், கம்பத்தில் லாட்ஜ் கிடைப்பதும் கஷ்டம். என்னைக் கேட்டால், சீசன் முடிந்து தை மாதக் கடைசியில் கிளம்புங்கள். பழமும் இருக்கும், வெயிலும் இன்னும் கடுமையாகியிருக்காது. சுருளி அருவியில் மட்டும் தண்ணீர் குறைந்திருக்கலாம். யானை நடமாட்டம் இருந்தால் வனத்துறை அருவியை மூடிவிடும், காலையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வழிநெடுகச் சாப்பாடு இருக்கிறது. மணப்பாறையை நாற்கரச் சாலை ஒதுக்கிவிட்டுப் போகிறது, முறுக்குக்காக ஊருக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும். (அதற்கும் 2023-ல்தான் புவிசார் குறியீடு.) போகும்போதே வாங்கினால் வத்தலக்குண்டு தாண்டாது, அதனால் திரும்பும்போது வாங்குங்கள். மதியத்துக்குத் திண்டுக்கல்லில் சீரகச் சம்பா பிரியாணி. ஸ்ரீரங்கத்து வாசகர்கள் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு வருவார்கள் என்று தெரியும். பெரியகுளம் பக்கம் மாந்தோப்பு நிழலில் பிரித்தால் எந்த ஹோட்டலும் கிட்டே நிற்காது. குச்சனூர் சனீஸ்வரன் கோயிலும் வழியில்தான், சனிக்கிழமை என்றால் கூட்டத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். ராத்திரிக்குக் கம்பத்தில் பரோட்டாவும் நாட்டுக்கோழிக் குழம்பும். மறுநாள் குமுளி ஏறினால் கப்பையும் மீன்கறியும். இருபத்து சொச்சம் கிலோமீட்டரில் சமையல் அடியோடு மாறிவிடும்.

எல்லாம் சரி, ஒயின் எங்கே என்று கேட்பீர்கள். கம்பத்தில் திராட்சைச் சாறு குடிக்கலாம், ஜாம் வாங்கலாம். தோட்டத்தில் உட்கார்ந்து ஒயின் ருசிக்கும் ஏற்பாட்டை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அது வேண்டுமென்றால் மைசூரு எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி பெங்களூருவில் இறங்குங்கள். நந்தி மலை அடிவாரத்தில் கன்வல் குரோவர் 1988-ல் கொடி நட்டு, 1992-ல் முதல் ஒயினை வெளியிட்டார். அங்கே தோட்டத்தைச் சுற்றிக் காட்டி, ருசிக்கவும் தருகிறார்கள். இன்னும் பெரிய அளவில் பார்க்க நாசிக். 2000-ல் சூலாவின் முதல் ஒயின் வந்த பிறகு அந்த ஊரின் முகமே மாறிவிட்டது. மும்பையிலிருந்து சாலையில் சுமார் 170 கிலோமீட்டர். ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. பஞ்சவடியும் திரியம்பகேஸ்வரமும் அங்கேயே இருப்பதால் வீட்டுப் பெரியவர்களிடம் அனுமதி வாங்குவதும் சுலபம்.

ஒயின் என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு செய்தி. நம் உறையூரில் சோழர் இருந்த அந்தக் காலத்திலேயே யவனர் கப்பலில் மது வந்திறங்கியிருக்கிறது. புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரர், பாண்டியன் நன்மாறனுக்கு யவனர் தந்த தேறலைச் சொல்கிறார். அரிக்கமேட்டில் ரோமானிய மதுச்சாடித் துண்டுகள் தோண்டத் தோண்டக் கிடைத்தன. இதைச் சொல்வதால் எல்லாரும் குடியுங்கள் என்று அர்த்தமில்லை, குடிக்காதவர்கள் குடிக்காமலே இருங்கள். ருசித்துப் பார்ப்பவர்கள் வண்டி ஓட்டக் கூடாது, அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

ருசிப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் காரத்துக்குத் துவர்ப்பான சிவப்பு ஒயின் சேராது. வாய் இன்னும் எரியும், குழம்பும் கெடும், ஒயினும் கெடும். லேசான இனிப்புள்ள வெள்ளை ஒயினைச் சில்லென்று குடித்தால் செட்டிநாட்டு மிளகுக் கறிக்குக்கூட ஈடுகொடுக்கும். சிவப்பு ஒயினை வீட்டு வெப்பத்தில் வைத்துக் குடிக்கலாம் என்ற யோசனை குளிர்நாட்டுக்காரர்களுடையது. திருச்சி வீட்டின் வெப்பத்தை அவர்கள் கண்டதில்லை. அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு எடுங்கள்.

கம்பத்திலிருந்து திரும்பும்போது எப்படியும் ஒரு பெட்டிப் பழம் வாங்குவீர்கள். டிக்கியில் போடாதீர்கள், அந்தச் சூட்டில் திண்டுக்கல் வருவதற்குள் அடிக்கொத்து நசுங்கிச் சாறு ஒழுகத் தொடங்கும். பின் சீட்டில் காலடியில் நிழலாக வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் மொத்தத்தையும் கழுவிவிடாமல், சாப்பிடுகிற கொத்தை மட்டும் கழுவுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தாலும் நாலைந்து நாளுக்குமேல் தாங்காத பழம், அக்கம்பக்கத்துக்கும் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்